நாற்பது பக்க நோட்டும் நான்கு காரணங்களும்: பிள்ளையின் நடத்தையைப் படிப்பது எப்படி?

மதுரையில் தெரபி மையங்கள் பெருகிவிட்டன. பிள்ளைக்கு ஆட்டிசம் என்று மருத்துவர் எழுதிக்கொடுத்த மறுவாரமே ஏதாவது ஒரு மையத்தில் சேர்த்துவிடுகிறார்கள். அங்கே ‘ஏபிஏ’ (நடத்தையை ஆராய்ந்து மாற்றும் பயிற்சிமுறை) என்ற மூன்றெழுத்தும், அதைத் தொடர்ந்து ரீஇன்ஃபோர்ஸர், ப்ராம்ப்ட், எக்ஸ்டிங்ஷன் என்று வரிசையாகப் பல சொற்களும் பெற்றோர் காதில் விழுகின்றன. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வருகிறார்கள். மையத்தில் பிள்ளை இருப்பது ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோதான். மிச்ச நேரமெல்லாம் அம்மாவிடமும் அப்பத்தாவிடமும்தான் இருக்கிறது. அந்த மிச்ச நேரத்துக்காக இதை எழுதுகிறேன்.

நான் சிறப்புக் கல்வி ஆசிரியர். திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டிப் பக்கமெல்லாம் வீடுகளுக்கே போய்ப் பிள்ளைகளோடு வேலை செய்கிறவள். பெற்றோர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ‘இதை எப்படி நிறுத்துவது?’ என்பதுதான். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இதைச் செய்வதால் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது? அதற்கு விடை தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தெரியாமல் எதைச் செய்தாலும் அது இருட்டில் கல்லெறிவதுதான்.

கடைக்குப் போய் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். வேறு எந்தச் செலவும் இப்போது வேண்டாம்.

பார்த்ததை மட்டும் எழுதுங்கள்

பிள்ளைக்கு என்ன பிரச்சினை என்று கேட்டால் ‘ரொம்ப அடம்’, ‘கோபக்காரன்’, ‘சொல்பேச்சு கேட்பதில்லை’ என்று பதில் வரும். இவற்றை வைத்துக்கொண்டு எதையும் எண்ண முடியாது. அம்மாவுக்கு அடமாகத் தெரிவது தாத்தாவுக்குக் குறும்பாகத் தெரியும். கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுதுங்கள். ‘தரையில் படுத்துக் காலை உதைத்தான்.’ ‘வலது கையை மடக்கி நெற்றியில் அடித்துக்கொண்டான்.’ ‘பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி கத்தினான்.’ இப்படி எழுதினால் அப்பா படித்தாலும் பள்ளி ஆசிரியர் படித்தாலும் ஒரே காட்சிதான் மனத்தில் வரும். நடத்தை என்று இந்தத் துறையில் சொல்வது இதைத்தான்.

ஆக்டன் லிண்ட்ஸ்லி என்ற அமெரிக்க உளவியலாளர் இதற்கு ஒரு சோதனை வைத்தார். செத்துப்போன ஒருவரால் செய்ய முடிந்தால் அது நடத்தை ஆகாது என்பதுதான் அது. ‘வகுப்பில் சத்தம் போடாமல் இருக்க வேண்டும்’, ‘அசையாமல் உட்கார வேண்டும்’ என்று எத்தனை இடங்களில் இலக்கு எழுதிவைத்திருக்கிறார்கள்! பிணம் இதையெல்லாம் பிசகாமல் செய்யும். நம் பிள்ளைக்கு அதை இலக்காக வைக்கலாமா? ‘தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரை நீட்டிக் காட்ட வேண்டும்’ என்று எழுதுங்கள். அதை உயிருள்ள பிள்ளைதான் செய்ய முடியும். அதைக் கற்றுக்கொடுக்கவும் முடியும்.

அடுத்து நோட்டுப் பக்கத்தில் இரண்டு கோடு கிழித்து மூன்று பத்தியாக்குங்கள். முதல் பத்தியில் முன்னால் நடந்தது, நடுவில் நடத்தை, மூன்றாவதில் அதற்கு அடுத்து நடந்தது. மையத்தில் இதை ஏபிசி அட்டவணை என்பார்கள்; இந்த மூன்றுக்குமான ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகள் அவை. வில்லாபுரத்தில் ஒரு வீட்டில் எழுதப்பட்ட பக்கத்தை அப்படியே தருகிறேன். பையனுக்கு ஆறு வயது. பெயரை மாற்றி முத்து என்று வைத்துக்கொள்கிறேன்.

செவ்வாய், மாலை 6.10. அம்மா அடுப்படியில் தோசை ஊற்றுகிறார். முத்து கூடத்தில் தனியாக இருக்கிறான். / எவர்சில்வர் டம்ளரைத் தரையில் எறிந்தான். / அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு ஓடிவந்து, ‘ஏன் தங்கம் இப்படிச் செய்கிறாய்?’ என்று மடியில் வைத்துக்கொண்டார்.

புதன், மாலை 6.40. அம்மா தன் அக்காவோடு போனில் பேசுகிறார். / டம்ளரை எறிந்தான். / அம்மா போனை வைத்துவிட்டு வந்து திட்டினார்.

வியாழன், மாலை 7 மணி. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்கிறார். டம்ளர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. / எறியவில்லை. / கதை தொடர்ந்தது.

இந்த மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது வரி. தொல்லை நடந்தபோது மட்டும் நோட்டை எடுப்பவர்கள்தான் அதிகம். நடக்காத நேரத்தையும் எழுதிய அந்த அம்மாவுக்கு விடை தன்னாலேயே தெரிந்துவிட்டது. அவர் பக்கத்தில் இல்லாதபோது டம்ளர் பறக்கிறது. பக்கத்தில் இருந்தால் பறப்பதில்லை. கொஞ்சினாலும் திட்டினாலும் முத்துவுக்கு ஒன்றுதான்: அம்மா வந்துவிட்டார்.

இப்போது மேலூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்கு வாருங்கள். அங்கேயும் பொருள் பறக்கிறது. எழுத்துப் பயிற்சிப் புத்தகத்தைத் திறந்ததும் அந்தப் பெண் பென்சில் டப்பாவை வீசுகிறாள். ‘போதும் விடுங்கள், பிள்ளை களைத்துவிட்டாள்’ என்று அம்மாச்சி புத்தகத்தை மூடிவைக்கிறார். பார்வைக்கு இரண்டு வீட்டிலும் ஒரே எறிதல். முத்து ஆளைக் கூப்பிடுகிறான். இவள் வேலையிலிருந்து தப்பிக்கிறாள். இருவருக்கும் ஒரே வைத்தியம் பார்த்தால் ஒருவருக்காவது நிலைமை மோசமாகத்தான் போகும். வீசியதும் தனியறையில் உட்காரவைத்தால் முத்து தவித்துப்போவான். மேலூர்ப் பெண்ணுக்கோ அதுவே பரிசு. எழுத வேண்டாம் அல்லவா!

பொதுவாக நான்கு காரணங்களைச் சொல்வார்கள். ஆட்களின் கவனம் வேண்டும். ஒன்றிலிருந்து தப்பிக்க வேண்டும். ஒரு பொருளோ செயலோ வேண்டும். அல்லது அந்தச் செயலே உடம்புக்கு இதமாகவோ தேவையாகவோ இருக்கிறது. கடைசிக் காரணத்துக்குப் பக்கத்தில் ஆளே தேவையில்லை. தனியறையிலும் அந்தப் பிள்ளை கையை உதறும், முன்னும் பின்னும் ஆடும். அதில் பெரும்பாலானவற்றை நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நோட்டைத் தொடங்கும் முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நேற்றுவரை இல்லாத நடத்தை இன்று திடீரென்று வந்திருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். காதுவலி, சொத்தைப் பல், மலச்சிக்கல், தூக்கமின்மை, வலிப்பு எதுவானாலும் பேச்சு வராத பிள்ளை அதைக் கையாலும் காலாலும்தான் சொல்லும். காதில் சீழ் வைத்துத் தலையில் அடித்துக்கொள்ளும் பிள்ளைக்கு அட்டவணை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது கொடுமை.

காரணத்தைத் தேடும் இந்தப் பழக்கத்தை அழுத்தமாக நிலைநாட்டியது 1982-ல் வெளியான ஓர் ஆய்வு. அமெரிக்காவின் பால்டிமோரில் பிரையன் இவாட்டா என்ற உளவியலாளரும் உடன் பணியாற்றியவர்களும் தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகளை வெவ்வேறு சூழல்களில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். ஒன்றில் அடித்துக்கொண்டால் பெரியவர் கவனிப்பார். ஒன்றில் பாடம் நிறுத்தப்படும். ஒன்றில் பிள்ளை தனியாக இருக்கும். இன்னொன்றில் விளையாட்டும் அன்பும் தாராளமாகக் கிடைக்கும். ஒரே மாதிரித் தெரிந்த காயப்படுத்தலுக்குப் பிள்ளைக்குப் பிள்ளை வேறு காரணம் இருந்தது. வேண்டுமென்றே நடத்தையைத் தூண்டிப் பார்க்கும் இந்தச் சோதனையை வீட்டில் செய்யாதீர்கள்; அது மருத்துவக் கண்காணிப்போடு பயிற்சி பெற்றவர்கள் செய்வது. நம் வேலை பார்ப்பதும் எழுதுவதும் மட்டுமே.

எண்ணிக்கையும் எழுதவேண்டும். எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு வாரம் சும்மா எண்ணுங்கள். பேஸ்லைன் என்பது இதுதான். அடுப்படி வேலைக்கு நடுவே பேனாவைத் தேட முடியாது என்று ஓர் அம்மா சொன்னார். அவரே கண்டுபிடித்த வழியை இப்போது நான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டு கிண்ணங்கள், ஒன்றில் கொஞ்சம் புளியங்கொட்டை. ஒவ்வொரு எறிதலுக்கும் ஒரு கொட்டை அடுத்த கிண்ணத்துக்குப் போகும். இரவு எண்ணி நோட்டில் எழுதினால் போதும். அழுகை, கத்தல் போன்றவற்றுக்கு எத்தனை தடவை என்பதைவிட எத்தனை நிமிடம் என்பதுதான் முக்கியம். அதற்குச் சுவர்க் கடிகாரம் போதும்.

கூடினால்தான் வலுவூட்டல்

எலியை வைத்தும் புறாவை வைத்தும் அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் 1930-களிலிருந்து காட்டியது இதுதான்: ஒரு செயலுக்குப் பிறகு என்ன நடக்கிறதோ, அதைப் பொறுத்தே அந்தச் செயல் மறுபடி வருவதும் வராமல் போவதும் அமையும். செயலைக் கூட்டுகிற பின்விளைவுக்கு வலுவூட்டல் என்று பெயர்; மையத்தில் சொல்லும் ரீஇன்ஃபோர்ஸர் இதுதான். ‘நான் சாக்லேட் கொடுக்கிறேன், ஆனாலும் வலுவூட்டல் வேலை செய்யவில்லை’ என்று சொல்லவே முடியாது. செயல் கூடவில்லை என்றால் அந்த சாக்லேட் வலுவூட்டலே இல்லை. அந்தப் பிள்ளைக்கு அது வெறும் சாக்லேட்.

ஆகவே எது பிடிக்கும் என்று பிள்ளையிடமே கேளுங்கள். பேச்சு வராவிட்டால் இரண்டு பொருளைப் பக்கம் பக்கமாக வைத்து எதை எடுக்கிறது என்று பாருங்கள். பொருளை மாற்றி, இடம் வலமாகவும் மாற்றிப் பல தடவை வையுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளைக்கு உலகத்திலேயே பெரிய பரிசு, சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றிவிடுவது. கடையில் வாங்கும் எந்தப் பொம்மையும் அதற்கு ஈடாகாது. நேரமும் முக்கியம். கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு எழுந்த பிள்ளைக்கு லட்டின் மேல் ஆசை இருக்காது. பசி, தாகம், களைப்பு, சலிப்பு எல்லாம் ஒரு பொருளின் மதிப்பை ஏற்றி இறக்கும். செயல் முடிந்த சில நொடிகளுக்குள் பரிசு கைக்கு வரவேண்டும். ‘சமர்த்து’ என்று பொதுவாகச் சொல்லாமல், ‘செருப்பை நீயே மாட்டினாய்!’ என்று செய்ததைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள்.

‘இரண்டு வாய் சாப்பிடு, பிறகு ஊஞ்சல்’ என்று அப்பத்தாக்கள் சொல்வதற்கும் ஆய்வில் இடம் உண்டு. 1959-ல் டேவிட் ப்ரிமாக் என்ற உளவியலாளர் பள்ளிப் பிள்ளைகள் முன் மிட்டாய் தரும் இயந்திரத்தையும் பின்பால் என்ற பந்து விளையாட்டு இயந்திரத்தையும் வைத்தார். விளையாட்டை விரும்பிய பிள்ளைகள் அதற்காக மிட்டாயை அதிகம் எடுத்தார்கள். மிட்டாயை விரும்பியவர்கள் அதற்காக அதிகம் விளையாடினார்கள். பிடித்த செயலைக் கொண்டு அவ்வளவாகப் பிடிக்காத செயலைக் கூட்டலாம் என்று காட்டினார். இதை வைத்துப் பிள்ளையின் சோற்றையும் தாயின் மடியையும் பணயமாக வைத்துவிடாதீர்கள். அவை நிபந்தனை இல்லாமல் கிடைக்க வேண்டியவை.

எதிர்மறை வலுவூட்டல் என்ற சொல்லைக் கேட்டதும் தண்டனை என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. அதுவும் வலுவூட்டல்தான், செயலைக் கூட்டுவதுதான். ஒன்று வந்து சேர்வதால் செயல் கூடினால் நேர்மறை. ஒன்று விலகிப் போவதால் கூடினால் எதிர்மறை. மாட்டுத்தாவணியிலிருந்து பஸ் ஏறுகிறீர்கள். காற்றழுத்த ஹாரன் காதைப் பிளக்கிறது. பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு கத்துகிறது. அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிடுகிறீர்கள், சத்தம் போய்விடுகிறது. அடுத்த தடவை பஸ் ஏறும் முன்பே பிள்ளை கத்தும். கத்தினால் சத்தம் விலகும் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. அதே பஸ்ஸில் நீங்கள் போனை எடுத்துக் கையில் கொடுத்துப் பாருங்கள். கத்தல் நிற்கிறது, உங்களுக்கு நிம்மதி. அடுத்த தடவை உங்கள் கை இன்னும் சீக்கிரம் போனுக்குப் போகும். கத்தினால் போன் வரும் என்று பிள்ளையும், போன் கொடுத்தால் கத்தல் நிற்கும் என்று நீங்களும் ஒரே நேரத்தில் பழகிவிடுகிறீர்கள். இதில் யாரும் குற்றவாளி இல்லை. ஆனால் இந்த முடிச்சு கண்ணுக்குத் தெரியவேண்டும். தெரிந்தால் பஸ் ஏறும் முன்பே காதுக்கு ஒலி தடுக்கும் ஹெட்ஃபோன் மாட்டிவிடலாம், கூட்டம் குறைந்த நேரத்தில் கிளம்பலாம், ஓட்டுநரிடமிருந்து தள்ளிப் பின் சீட்டில் உட்காரலாம். முன்னால் நடப்பதை மாற்றினால் பின்னால் போராட வேண்டியதில்லை. எனக்கு மிகவும் நம்பிக்கை உள்ள வழி இதுதான்.

சித்திரைத் திருவிழாவுக்கும் இதையே சொல்வேன். அழகர் ஆற்றில் இறங்கும் அந்த நெரிசலுக்குள் பிள்ளையைக் கொண்டுபோய், பிறகு அது ஏன் கடித்தது என்று கேட்பதில் நியாயம் இல்லை. தல்லாகுளத்துக்கு முந்தைய வாரம் கூட்டிப் போய் இடத்தைக் காட்டுங்கள். மேளச் சத்தத்தைக் குறைந்த ஒலியில் வீட்டில் கேட்கவையுங்கள். அப்போதும் முடியாவிட்டால் டிவியில் பார்க்கட்டும். அழகர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பரிசை நிறுத்தினால்

இதுவரை கிடைத்த பலன் இனிமேல் கிடைக்காது என்றால் செயல் மெல்ல மெல்ல மறையும். எக்ஸ்டிங்ஷன் என்பது இதுதான். ‘கண்டுகொள்ளாமல் விடுங்கள்’ என்று இதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறார்கள். அது முத்துவுக்குப் பொருந்தலாம். மேலூர்ப் பெண்ணுக்குப் பொருந்தாது. அவள் கேட்பது கவனத்தை இல்லை. காரணம் என்னவோ அதைத்தான் நிறுத்தவேண்டும். கவனத்துக்காக நடக்கும் செயலிலும் கண்டுகொள்ளாமல் விடுவது எறிதலைத்தானே தவிர முத்துவை இல்லை.

நிறுத்திய முதல் சில நாள் நிலைமை இன்னும் மோசமாகலாம். ஒரு டம்ளர் எறிந்தவன் மூன்று எறியலாம், பிறகு தட்டையும் எறியலாம். இது எதிர்பார்க்க வேண்டிய கொந்தளிப்பு. பெரும்பாலான வீடுகளில் இந்த இடத்தில்தான் மனம் தளர்ந்து கொடுத்துவிடுகிறார்கள். கொடுத்துவிட்டால் பிள்ளை கற்றுக்கொள்வது, ‘ஒரு டம்ளர் போதாது, தட்டும் வேண்டும்’ என்பது. ஒவ்வொரு தடவையும் கிடைத்த பழக்கத்தைவிட எப்போதாவது கிடைத்த பழக்கம் நீண்ட நாள் நிற்கும். ஸ்கின்னரும் சார்லஸ் ஃபெர்ஸ்டரும் 1957-ல் வெளியிட்ட பெரிய புத்தகம் முழுக்க இந்தக் கணக்குத்தான். நான்கு தடவை மறுத்து ஐந்தாவது தடவை கொடுப்பது, முதல் தடவையே கொடுப்பதைவிடக் கெடுதல்.

ஆகவே மூன்று எச்சரிக்கைகள் சொல்கிறேன். தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் நடத்தையில் இதை நீங்களாக முயலாதீர்கள். அந்தக் கொந்தளிப்பைத் தாங்க ஆளும் அனுபவமும் வேண்டும். வீட்டில் எல்லோரும் உடன்படாமல் தொடங்காதீர்கள். அப்பத்தா ஒருவர் இரக்கப்பட்டால் போதும். பிள்ளைக்கு மாற்று வழி எதையும் கற்றுக்கொடுக்காமல் வெறுமனே நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.

இந்த மாற்று வழிதான் என் கட்சி. 1985-ல் எட்வர்ட் கார், மார்க் டியூராண்ட் என்ற உளவியலாளர்கள் வகுப்பறைப் பிள்ளைகளோடு இதைச் செய்து காட்டினார்கள். பாடம் கடினமாக இருந்தால் தொல்லை செய்த பிள்ளைக்கு ‘எனக்குப் புரியவில்லை’ என்று சொல்லிக்கொடுத்தார்கள். கவனத்துக்காகச் செய்த பிள்ளைக்கு ‘நான் நன்றாகச் செய்கிறேனா?’ என்று கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள். தேவைக்குப் பொருந்திய சொல் கிடைத்ததும் தொல்லை இறங்கியது. முத்துவுக்கு நாங்கள் கற்றுக்கொடுத்தது அம்மாவின் முழங்கையை இரண்டு தட்டு தட்டுவது. தட்டினால் அம்மா உடனே திரும்பிப் பார்த்து அவனோடு பேசவேண்டும், தோசை கருகினாலும் சரி. புதிய வழி பழைய வழியைவிடச் சுலபமாகவும் சீக்கிரமாகவும் பலன் தரவேண்டும். இல்லாவிட்டால் அவன் ஏன் மாறப்போகிறான்? கொஞ்ச நாளில் புளியங்கொட்டைக் கிண்ணம் காலியாகவே இருக்கத் தொடங்கியது. அதன் பிறகுதான் ‘இதோ வருகிறேன், கொஞ்சம் இரு’ என்று சில நொடிகள் காக்கப் பழக்கினோம். மேலூர்ப் பெண்ணுக்கு ஓர் அட்டை கொடுத்தோம். அதை நீட்டினால் இரண்டு நிமிட ஓய்வு, ஏன் எதற்கு என்று கேட்காமல். கூடவே பயிற்சிப் பக்கத்தையும் பாதியாக மடித்தோம்.

பூக்கட்டக் கற்றுக்கொடுத்தல்

தொல்லையைக் குறைப்பதைவிட இந்த அறிவியலின் அழகு புதியதைக் கற்றுக்கொடுப்பதில்தான் இருக்கிறது. உசிலம்பட்டிப் பக்கம் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி. அம்மா மல்லிகைப்பூ கட்டி விற்பவர். புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போவதும் வருவதுமாக இருக்கும் வீடு அது. அந்தப் பெண்ணுக்கும் கட்டிப் பார்க்க ஆசை. அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ‘பார்த்துப் பார்த்துச் செய்’ என்றால் அவளுக்கு வரவில்லை. அம்மாவின் விரல் போகும் வேகத்துக்கு யாருக்குத்தான் வரும்?

அம்மாவை மிக மெதுவாகக் கட்டச் சொல்லி ஒவ்வோர் அசைவையும் எழுதினோம். நனைத்த வாழைநாரை இடது கைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடிப்பது. இரண்டு மொட்டை இந்தப் பக்கமும் இரண்டு மொட்டை அந்தப் பக்கமும் பார்த்தபடி, காம்புகள் நடுவில் சேரும்படி வைப்பது. காம்புகளைப் பெருவிரலால் அழுத்துவது. வலது கையால் நாரைக் காம்பைச் சுற்றிக் கொண்டுவருவது. நாரை முறுக்கி ஒரு வளையமாக்கிக் காம்பில் மாட்டுவது. இழுத்து இறுக்குவது. ஒரு வேலையை இப்படித் துண்டுகளாகப் பிரிப்பது டாஸ்க் அனாலிசிஸ். துண்டுகளைக் கோத்துக் கற்றுக்கொடுப்பது செயினிங்.

நாங்கள் கடைசித் துண்டிலிருந்து தொடங்கினோம். எல்லாவற்றையும் அம்மா செய்துவிட்டு, இறுக்குவதை மட்டும் மகளிடம் விட்டார். அவள் இழுத்த உடனே கண்ணி முடிந்துவிடுகிறது, முடித்தவள் அவள்தான். முன்னாலிருந்து தொடங்கினால் முதல் துண்டைச் செய்துவிட்டு மிச்சத்துக்கு வேடிக்கை பார்க்க வேண்டியிருக்கும். பின்னாலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு தடவையும் வேலை முடிந்த மகிழ்ச்சி அவளுக்கே. இதற்கு பேக்வர்ட் செயினிங் என்று பெயர். இறுக்குவதே சுலபம் இல்லை. அதிகமாக இழுத்தால் காம்பு ஒடியும், தளர்வாக விட்டால் மொட்டு உதிரும். அது கைக்கு வந்த பிறகு வளையம் மாட்டுவதும் அவள் பொறுப்பு. பிறகு சுற்றுவது. இப்படிப் பின்னோக்கி வந்தோம்.

அம்மா கொடுத்த உதவிதான் ப்ராம்ப்ட். தொடக்கத்தில் மகளின் கைமேல் கை வைத்து, அதுவும் ‘பிடிக்கட்டுமா?’ என்று கேட்டு அவள் கையை நீட்டிய பிறகு. சில நாளில் மணிக்கட்டைத் தொட்டால் போதும் என்றானது. பிறகு விரலால் சுட்டுவது. பிறகு ஒரு பார்வை. உதவியை இப்படி இறக்கிக்கொண்டே வரவேண்டும். இறக்காவிட்டால் உதவி வருவதற்காகவே பிள்ளை காத்திருக்கப் பழகிவிடும். எப்போது எந்தப் படிக்கு இறங்கலாம் என்பதையும் நோட்டுதான் சொல்லும். தொடர்ந்து சில நாள் தவறில்லாமல் வந்தால் இறங்குங்கள். தடுமாறினால் ஒரு படி ஏறிக்கொள்ளுங்கள். இன்று அவள் கட்டும் சரம் அம்மாவின் சரம்போல நெருக்கமாக இல்லை. ஆனால் வீட்டுச் சாமி படத்துக்கு அவள் சரம்தான் போடுகிறார்கள்.

ஒரேயடியாக வராத ஒன்றை நெருங்கி நெருங்கி வரும் ஒவ்வொரு படியையும் பாராட்டி வளர்ப்பது ஷேப்பிங். ‘தண்ணீர்’ என்பதற்கு முதலில் ‘த’ வந்தாலே டம்ளரைக் கொடுங்கள். அது உறுதியான பிறகு ‘தண்’ வரக் காத்திருங்கள். பேச்சைப் பற்றி இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். படத்தைக் காட்டினால் ‘தண்ணீர்’ என்று சொல்லும் பிள்ளை, தாகம் எடுத்தால் கேட்காமல் அழுகிறது. பெற்றோர் குழம்பிப்போகிறார்கள். ஸ்கின்னர் 1957-லேயே இவற்றை வேறு வேறாகப் பிரித்துவிட்டார். வேண்டியதைக் கேட்பது மேண்ட். பார்த்ததைச் சொல்வது டேக்ட். ஒன்று வந்தால் மற்றது தானாக வரும் என்பதற்கு உறுதி இல்லை. படம் காட்டிக் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்காமல், தாகம் எடுக்கும் நேரத்தில் டம்ளர் கையோடு எதிரே நின்று கேட்க வாய்ப்புக் கொடுங்கள். வாயால் வராவிட்டால் சைகையோ படமோ போதும். அதனால் பேச்சு நின்றுபோகும் என்ற பயம் வேண்டாம்.

மையத்தில் செய்வது வீட்டில் வரவில்லை என்றால் அது பிள்ளையின் திமிர் இல்லை. கற்றது ஓர் இடத்தோடும் ஓர் ஆளோடும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்பாவோடும் அம்மாச்சியோடும், கடையிலும் கோயிலிலும் மறுபடி பழகவேண்டும்.

மையத்தில் கேட்க வேண்டியவை

1968-ல் இந்தத் துறைக்கென்று ஓர் ஆய்விதழ் தொடங்கியபோது, டொனால்ட் பேர், மான்ட்ரோஸ் வுல்ஃப், டாட் ரிஸ்லி மூவரும் முதல் இதழிலேயே அதன் இலக்கணத்தை எழுதினார்கள். எடுத்துக்கொள்ளும் நடத்தை மனிதர் வாழ்க்கைக்கு முக்கியமானதாக இருக்கவேண்டும் என்பது அதில் முதலாவது. அந்தப் பிள்ளையின் வாழ்க்கைக்கு என்று நான் சேர்த்துக்கொள்கிறேன். கையை உதறுவதால் யாருக்கு என்ன கெட்டுப்போனது? சொந்தக்காரர்கள் பார்ப்பார்கள் என்ற கூச்சம் நம்முடையது. கண்ணைப் பார்த்துத்தான் பேசவேண்டும் என்று முகவாயைப் பிடித்துத் திருப்புவதையும் நான் ஏற்கமாட்டேன். ஆட்டிசம் உள்ளவர்கள் பெரியவர்களாகி, தங்களுக்குச் சிறுவயதில் நடந்ததைத் தாங்களே எழுதியிருக்கிறார்கள். கீழ்ப்படியவைப்பதையே பாடமாக்கிய பயிற்சி எவ்வளவு வலித்தது என்று அவர்கள் சொல்வதை நாம் கேட்டே ஆகவேண்டும்.

இந்தத் துறையின் பழைய கணக்கில் கறையும் இருக்கிறது. 1987-ல் ஐவார் லோவாஸ் என்ற உளவியலாளர் வெளியிட்ட ஆய்வுதான் ‘வாரம் 40 மணி நேரம்’ என்ற பேச்சைப் பரப்பியது. தீவிரப் பயிற்சி பெற்ற 19 பிள்ளைகளில் 9 பேர் சாதாரண வகுப்பில் தேறினார்கள் என்று அது சொன்னது. பிள்ளைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை. பயிற்சியில் அதட்டலும் அடியும் சேர்ந்திருந்தன. இன்றைக்கு யாராவது அந்த எண்ணைக் காட்டி உங்களிடம் கட்டணம் கேட்டால் இதை நினைவில் வையுங்கள். தண்டனை என்பது இத்துறையில் செயலைக் குறைக்கும் பின்விளைவுக்குப் பெயர். ஆனால் அடி எந்தப் புதிய வழியையும் கற்றுக்கொடுப்பதில்லை. அடித்தவர் இல்லாத இடத்தில் பழைய செயல் திரும்பி வருகிறது. அடித்தவரைக் கண்டால் பிள்ளை ஒளிந்துகொள்கிறது.

மையத்துக்குப் போகும்போது நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள். பயிற்சி நேரத்தில் உள்ளே உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். கதவைச் சாத்தி வெளியே காக்கவைக்கும் இடத்தில் பிள்ளையை விடாதீர்கள். பயிற்சி தருபவருக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். எந்த நடத்தையை எடுத்திருக்கிறார்கள், அதற்கு என்ன காரணம் கண்டிருக்கிறார்கள், அதற்குப் பதிலாக எதைக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லை என்றால் முதல் இரண்டுக்கும் என்ன சொன்னாலும் பயனில்லை. எண்ணிக்கைத் தாளைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் நோட்டின் கணக்கும் அவர்கள் தாளின் கணக்கும் ஒத்துவராவிட்டால், எங்கே வேறுபடுகிறது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்து அன்றைக்கே பேசிவிடுங்கள். பிள்ளை வாசலைக் கண்டதும் ஒவ்வொரு நாளும் அழுது பின்வாங்கினால் அதையும் தேதியோடு நோட்டில் எழுதிக் காட்டுங்கள். அந்த வரிக்கும் மற்ற வரிகளைப் போலவே முன்னால் நடந்தது ஒன்று இருக்கும்.